சித்திரமும் ஜீவனமும்



பாறசாலை, நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, தனுவச்சபுரம், களியக்காவிளை என்று கேரள, தமிழ்நாட்டு எல்லையின் இரு மருங்கிலுமுள்ள ஊர்களிலிருந்து, பகலெல்லாம் அவரவர் தொழிலைப் பார்த்துவிட்டு, இந்த மாலைப் பொழுதில் இவ்வளவு பேர் வந்து கூடியிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷத்தை அளிக்கிறது. நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் 'சித்திரமும் ஜீவனமும்' என்பது. படம் வரையத் தெரிந்த ஒருவர், தாம் வரைந்ததைத் தம் கையாலேயே திரை அச்சில் துணியிலும் காகிதத்திலும் பதித்து, துணிப்பையாகவும் மேல்துண்டாகவும் தலையணை உறையாகவும் வாழ்த்து அட்டையாகவும் ஆக்கி, நேரே மக்களிடம் விற்று வாழ்வது தகுமா, அதனால் கலைக்கு நன்மையா தீமையா என்பதே இன்றைய கேள்வி.

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது? நம் வீட்டுப் பிள்ளை ஒன்று நன்றாகப் படம் வரைந்தால், பள்ளிக்கூடத்துப் போட்டியில் பரிசு வாங்கும் வரையில் நாம் பெருமைப்படுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாளே, இதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பாய் என்று கேட்டுவிடுகிறோம். 'துணியில் அச்சடித்து விற்றுப் பிழைத்துக்கொள்கிறேன்' என்று அந்தப் பிள்ளை பதில் சொன்னாலோ, கலையை உபாசிக்கிறவர்கள் என்று தங்களைக் கருதிக்கொள்கிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒரு பக்கத்தில், சித்திரம் சோறு போடாது என்னும் பயம். மறுபக்கத்தில், சோறு போட்டால் அது சித்திரமே ஆகாது என்னும் அகந்தை. இவ்விரண்டு அபிப்பிராயங்களுக்கும் நடுவே அகப்பட்டு எத்தனை நல்ல கைகள் ஓய்ந்துபோயின! எத்தனை தூரிகைகள் பரணில் கிடந்து காய்ந்துபோயின! இரண்டுமே பிழையான அபிப்பிராயங்கள் என்று காட்டுவதுதான் என் நோக்கம். அதற்குச் சரித்திரத்தையே சாட்சியாக அழைக்கிறேன்.

முதல் சாட்சி நம் பழைய திருவிதாங்கூரிலேயே இருக்கிறது. 1848-இல் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா சிறு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, எண்ணெய்ச் சாயத்தில் எழுதும் வித்தையை அங்கே அறிந்திருந்தவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ராமசாமி நாயக்கர் என்னும் ஆஸ்தான ஓவியர். அவர் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்க இசையவில்லை என்றும், அவருடைய மாணாக்கராகிய ஆறுமுகம் பிள்ளை என்பவரே சாயம் குழைக்கும் முறையை மறைவாகக் காட்டிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் சரிதையை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். தமிழர் ஒருவர் குழைத்துக் காட்டிய சாயத்திலே கேரளத்து இளைஞர் ஒருவரின் கை பழகி, அந்தக் கை பின்னர் பாரத தேசம் முழுவதும் போற்றும் சித்திரங்களைத் தீட்டியது என்பதை, இரண்டு பாஷைகளையும் ஒரே மூச்சில் பேசிப் பழகிய எல்லைப்புறத்து மக்களாகிய நாம் மறக்கலாகாது.

அவ்வளவு புகழ் பெற்ற ரவிவர்மா, தம் சித்திரங்கள் அரண்மனைச் சுவர்களிலேயே தங்கிவிட வேண்டும் என்றா நினைத்தார்? இல்லை. கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூருக்கும் பின்பு பரோடாவுக்கும் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ், அப்படங்களை அச்சிட்டுப் பரப்பினால் தேசத்துக்கே உபகாரமாகும் என்று அவருக்கு யோசனை சொன்னார். 1894-இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கிற்று. சகுந்தலையின் பிறப்பு அங்கே முதலில் அச்சான படம். அதன் பிறகு நடந்ததை உங்கள் பாட்டிமார் அறிவார்கள். கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதவருடைய குடிசையிலும் லக்ஷ்மி வந்து நின்றாள். சரஸ்வதி வந்து அமர்ந்தாள். ஒரு சித்திரக்காரர் தம் படத்தை விற்பனைப் பொருளாக்கியதால் கலை தாழ்ந்ததா? அதுவரை அதைக் காணும் பாக்கியமே இல்லாதிருந்த லட்சக்கணக்கான கண்களுக்கு அது எட்டியது!

ஆனால், அன்பர்களே, அதே சரித்திரத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ரவிவர்மாவின் அச்சு, கல்லச்சு முறையைச் சேர்ந்தது. சாயம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கல் வேண்டும். ஜெர்மனியிலிருந்து யந்திரம் வேண்டும். அதை இயக்க நிபுணர்கள் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பெரும் மூலதனம் வேண்டும். அச்சகம் கடனில் ஆழ்ந்தது. பம்பாயிலிருந்து லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு இடம் மாறியது. சில ஆண்டுகளுக்குள் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் ஜெர்மானியத் தொழில்நுட்பரின் கைக்குப் போய்விட்டது. வரைந்தவர் ஒருவர், அச்சிட்டவர் வேறொருவர், லாபம் கண்டவர் இன்னொருவர் என்றாகிவிட்டது. படம் மக்களிடம் போய்ச் சேர வேண்டும். அதே சமயம் அது சித்திரக்காரரின் கையை விட்டும் போய்விடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருங்கே சாதிக்கும் கருவி எது?

அதுதான் திரை அச்சு. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளும் கட்சிக் கொடிகளும் துணிக்கடைப் பைகளும் எத்தனையோ காலமாக அதில்தானே அச்சாகின்றன! அந்த வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். ஒரு மரப் பிரேம். அதில் மத்தளத்துத் தோல்போல் இழுத்துக் கட்டிய நைலான் மெஷ். அதன்மீது எமல்ஷன் என்னும் ஒளியுணர் பசையை மங்கலான அறையில் மெல்லியதாகப் பூசி உலர்த்துகிறார்கள். சித்திரக்காரர் தம் படத்தைக் கண்ணாடிபோன்ற தாளில் கன்னங்கரிய மையால் வரைந்து, அதன்மேல் பிரேமைப் படிய வைத்து ஒளியில் காட்டுகிறார். ஒளி பட்ட இடமெல்லாம் எமல்ஷன் இறுகிவிடுகிறது. கரிய கோடு நிழல் செய்த இடம் மட்டும் இறுகாமல் இருந்து, தண்ணீர் பட்டதும் கரைந்து வழிவிடுகிறது. எந்த இடத்தில் கை கோடு இழுத்ததோ அந்த இடத்தில் இப்போது வாசல் திறந்திருக்கிறது. துணியை மேஜைமேல் விரித்து, பிரேமை இறக்கி, சாயத்தை ஊற்றி, ஸ்குவீஜி என்னும் ரப்பர்க் கட்டையைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் ஓர் இழுப்பு! பிரேமைத் தூக்கினால் துணியிலே படம் நிற்கிறது.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ சாதகம் வேண்டும். சாயத்துக்கு ஒரு பிரேம் வீதம், மூன்று சாயமென்றால் மூன்று பிரேம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் வந்து பொருந்த வேண்டும். பிசகினால் மயிலின் கண் கழுத்துக்கு வந்துவிடும். கை அழுத்தம் கூடினால் சாயம் கசியும். குறைந்தால் கோடு அறுந்துபோகும். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் இரண்டு மழையையும் வாங்கிக்கொள்கிற நம் சீமையில், எமல்ஷன் உலர்வதற்கே அதிகப் பொறுமை வேண்டும். அச்சான துணியைச் சூடு காட்டிப் பதப்படுத்தாவிட்டால், முதல் சலவையிலேயே சித்திரம் தண்ணீரோடு போய்விடும். யந்திரம் செய்வதுபோலத் தோன்றும் இந்த வேலையில் மனிதனுடைய தோளும் மணிக்கட்டும் கண்ணும் இல்லாத நிமிஷம் ஒன்றுண்டா?

இதன் வம்சமும் பெரியது. முசுக்கட்டை நாரில் செய்த காகிதத்தைக் பெர்சிமன் பழச் சாற்றில் ஊறவைத்து, அதில் நுண்ணிய வடிவங்களை வெட்டித் துணிக்குச் சாயமிட்ட ஜப்பானியக் கைவினைஞர்கள் இதன் முன்னோர்கள். 1907-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத் திரையைக் கொண்டு அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஃபின்லாந்து தேசத்தில் 1951-இல் தொடங்கிய மாரிமெக்கோ என்னும் துணி ஸ்தாபனத்துக்காக மாய்யா இசோலா என்ற ஓவியப் பெண்மணி வரைந்த வடிவங்கள் திரை அச்சில் ஏறின. 1964-இல் அவர் வரைந்த பெரிய கசகசாப் பூக்கள் இன்றைக்கும் அந்த நாட்டு வீடுகளின் திரைச்சீலைகளில் மலர்ந்துகொண்டிருக்கின்றன. ஓவியருடைய கோடு சமையலறைக்குள் நுழைந்ததால் அவருடைய கௌரவம் குறைந்துவிடவில்லை.

அந்நிய தேசத்து உதாரணம் போதும். நம்முடைய தேசத்துக்கு வருவோம். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ், தம்மிடம் பயின்ற கலைஞர்கள் கைப்பொருள் செய்து ஜீவிப்பதற்கென்றே காருசங்கம் என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தினார். 1924-இல் வட மலபாரிலுள்ள கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்ரமணியன், பரோடாவின் கலைக்கல்லூரிச் சந்தைக்காக மரத்தாலும் மணியாலும் பொம்மைகள் செய்தார். ஓவியத்தில் சிரேஷ்டர் என்று தேசம் கொண்டாடிய அவர், குழந்தைக்குப் பொம்மை செய்வதைச் சிறுமையாக நினைக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் எடுத்துக்காட்ட விரும்புவது கே. சி. எஸ். பணிக்கரின் சரித்திரம். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி அவர். சென்னைக் கலை கைவினைப் பள்ளியில் 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்தவர். வருஷந்தோறும் திறமைசாலிகளான மாணாக்கர்கள் படித்து வெளியேறுவதையும், பிழைப்புக்காக எங்கெங்கோ சிதறித் தூரிகையைக் கைவிடுவதையும் அவர் கண்ணாரக் கண்டார். சென்னையில் அன்று ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவார் மிகச் சிலரே. பணிக்கர் என்ன செய்தார்? சர்க்காரைக் குறைகூறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? பிரபுக்களின் வாசலில் போய் நின்றாரா? ஓவியர்களே கூடிக் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணிகளையும் பிற கைப்பொருள்களையும் செய்து விற்க வழி வகுத்தார். அந்த விற்பனையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணல்வெளியில், 1966-இல் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

கவனியுங்கள். தானமாகக் கிடைத்த நிலத்தில் எழுந்த கிராமமன்று அது. ஓவியர்கள் தம் கையால் சாயம் தோய்த்த துணிகள் வாங்கிக்கொடுத்த நிலம் அது. பகலில் ஒரு பகுதி நேரம் பாட்டிக்குக்கும் உலோகத் தகட்டு வேலைக்கும். மிகுந்த நேரம் தம் மனம் ஏவிய ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். கைப்பொருள் அரிசியும் பருப்பும் கொண்டுவந்ததால், ஓவியம் யாருடைய ருசிக்கும் வளைய வேண்டியதில்லாமல் நிமிர்ந்து நின்றது. பணிக்கர் தாமே அந்த ஆண்டுகளில் எழுதிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவர் பெயரால் அமைந்த கலைக்கூடத்தில் நீங்கள் காணலாம். ஜாதகக் கட்டங்களும் மலையாள எழுத்துக்களின் சாயல்களும் கணக்குக் குறிகளும் நிறைந்த அந்தப் படங்கள், விலைக்கு ஆள் பார்த்து எழுதப்பட்டவை என்று யாரேனும் சொல்ல முடியுமா? இங்கிருந்து பஸ் ஏறினால் அதிக நேரமாகாமல் போய்ச் சேர்ந்துவிடலாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஆகவே, நான் சொல்ல வந்த உண்மை இதுதான்: கைத்தொழில் கலையைக் கெடுப்பதில்லை, கைத்தொழில் கலையைக் காக்கிறது. விற்பதற்கென்று ஒரு பொருளை நேர்மையாகச் செய்துவிட்டவன், தன் சித்திரத்தை விற்பனைக்காக வளைக்க வேண்டியதில்லை. பை விற்ற காசு, படத்தின் சுதந்திரத்துக்குக் காவல்.

இந்தக் காரியத்துக்கு நம் எல்லைப்புறத்தைவிடத் தகுந்த இடம் எது? நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே பாலராமபுரம் இருக்கிறது. பாலராம வர்ம மகாராஜாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ்ச் சீமையிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் அங்கே தறி நாட்டினார்கள். இருநூறு வருஷங்களுக்கு மேலாகக் குழித்தறியில் அவர்கள் நெய்துவரும் கசவு முண்டுக்கும் நேரியதுக்கும் 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தின் அடையாளம் என்று உலகம் கொண்டாடும் அந்த வெள்ளைத் துணியில் தமிழ் நெசவாளரின் கைரேகை இருக்கிறது. மறுபக்கம் பாருங்கள். 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கல்குளத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையோ, தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டே கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அதன் உப்பரிகை மாளிகையின் மேல்தளத்துச் சுவர்களில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சித்திரங்கள் இன்றும் துலங்குகின்றன. இந்தப் பக்கத்தில் துணி, அந்தப் பக்கத்தில் சித்திரம், நடுவிலே நாம்! பனையேறியின் அரிவாள்பெட்டியும், கருப்பட்டி காய்ச்சும் அடுப்பும், களியக்காவிளைச் சந்தையின் மீன்கூடையும், தோவாளையின் பூமாலையும் இருக்கையில், வரைவதற்கு விஷயம் தேடி வேறு எங்கே போக வேண்டும்?

சித்திரக்காரரும் நெசவாளரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறிய விவரம் சொல்லுகிறேன். பாலராமபுரத்து நெசவாளர், விடியற்காலையில் தெருவிலே பாவை நீள இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்; அந்தக் கஞ்சிதான் நூலுக்குப் பலம். அந்தத் துணியை அப்படியே மேஜையில் விரித்து அச்சடித்தால், சாயம் நூலில் ஊறாமல் கஞ்சியின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கஞ்சி கரையும்போது சாயமும் கரையும். முதலில் துணியை நன்றாக அலசி, கஞ்சி போக்கி, உலர்த்தி, அதன் பிறகே அச்சடிக்க வேண்டும். தறிக்குப் பலமாக இருந்தது அச்சுக்குத் தடையாகிறது. இதை நெசவாளரின் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்கிற சித்திரக்காரரே நல்ல பொருள் செய்வார்.

தொழிலென்று வந்தால் தர்மமும் உண்டு. முதல் தர்மம் சத்தியம். ஓணக் காலத்தில் சுவரோவியப் பாணியில் கிருஷ்ணனும் ராதையும் பதிந்த சேலைகள் கடை கடையாகத் தொங்குகின்றன. கையால் எழுதியது ஒன்று, திரையில் அச்சிட்டது ஒன்று, யந்திரம் அச்சிட்டது ஒன்று. மூன்றும் விற்கலாம், ஒன்றை இன்னொன்றென்று சொல்லி விற்பது பாவம். திரை அச்சென்றால் திரை அச்சென்றே சீட்டில் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது தர்மம், சரியான விலை. துணியின் விலை, சாயத்தின் விலை, தையற்கூலி இவற்றை மட்டும் கூட்டி விலை சொல்லுகிறவர்கள் உண்டு. படம் யோசித்த நேரம் எங்கே? பிரேம் தயாரித்த நேரம் எங்கே? கோணலாக விழுந்து ஒதுக்கப்பட்ட பைகளின் செலவு எங்கே? தேய்ந்த மெஷ்ஷுக்கு மாற்று எங்கே? இவற்றைக் கணக்கில் சேர்க்காதவர் ஒவ்வொரு பையோடும் தம் உழைப்பில் ஒரு பங்கை இனாமாகக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் தொழிலை மூடிவிடுகிறார். வாங்குகிறவர்களும் தயை கூர்ந்து யோசிக்க வேண்டும். பெரிய கடையில் சீட்டில் போட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, கோயில் திருவிழாச் சந்தையில் தரையில் விரித்து விற்கும் பெண்பிள்ளையிடம் பாதி விலைக்குக் கேட்பது நியாயமா?

மூன்றாவது, சட்டத்தை அறிந்திருத்தல். நாம் வரைந்த படத்துக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமலே விட்டுவிட்டு, அது பதிந்த பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவத்தின்மேல் பதிப்புரிமை நீங்கிவிடும் என்று அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்லுகிறது. பை விற்பனைக்கு வருவதற்கு முன்பே, அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டு, 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டியது எது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். ரவிவர்மாவின் படங்களை எத்தனையோ பேர் நகலெடுத்து விற்ற சரித்திரம் உங்களுக்கும் நேர வேண்டாம்.

இறுதியாக ஒரு தமிழரின் பெயரைச் சொல்லி முடிக்கிறேன். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் வந்த சர் முத்து குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கைவினைகளைப் பற்றித் தாம் எழுதிய மகத்தான நூலை, ஆங்கிலேயக் கைவினைக் கலைஞர் வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அதே கை அச்சியந்திரத்தில் இங்கிலாந்தில் தம் மேற்பார்வையிலேயே அச்சிட்டார். 1908-இல் வெளிவந்த அந்த நூலின் பிரதிகள் 425. கைவினையின் மேன்மையை எழுதினால் மட்டும் போதாது, நூலும் கைவினையாகவே பிறக்க வேண்டும் என்று கருதிய மேதை அவர். அறிவில் அத்தனை உயர்ந்தவருக்கு அச்சு மை பட்ட கை இழிவாகத் தோன்றவில்லையென்றால், நமக்கு ஏன் தோன்ற வேண்டும்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு மரப் பிரேமும் ஒரு கஜம் மெஷ்ஷும் வாங்கப் பணம் கேட்டால், மறுக்காமல் கொடுங்கள். நெசவாளப் பெரியோர்களே, உங்கள் துணியைத் தேடி வரும் இளைஞரைத் திண்ணையில் உட்காரவைத்து நூலின் குணத்தைச் சொல்லிக்கொடுங்கள். வாசகசாலைக்காரர்களே, ஆண்டு விழாவில் கைப்பொருளுக்கு ஒரு மேஜை ஒதுக்குங்கள்; பரிசாகக் கொடுக்கும் பிளாஸ்டிக் கோப்பைக்குப் பதில், நம்மவர் அச்சிட்ட துணிப்பையில் ஒரு புத்தகத்தை வைத்துக் கொடுங்கள். இளைஞர்களே, ஒருவர் தனியாகத் தாங்க முடியாத செலவை நால்வர் சேர்ந்து தாங்கலாம். ஓவியர்கள் கூடிச் சோழமண்டலத்தை எழுப்பினார்கள், நீங்கள் கூடி ஒரு பொதுப் பட்டறையையாவது இங்கே எழுப்புங்கள். மேஜை ஒன்று போதும், ஒளிப்பெட்டி ஒன்று போதும், தண்ணீர்த் தொட்டி ஒன்று போதும், தொடங்கிவிடலாம். அடுத்த ஓணத்துக்கும் அடுத்த பொங்கலுக்கும் எல்லையின் இரு பக்கத்து வீடுகளிலும் நம் ஊர்க் கை வரைந்து, நம் ஊர்க் கை நெய்து, நம் ஊர்க் கை அச்சிட்ட ஒரு பொருளாவது இருக்க வேண்டும் என்று இந்தச் சபையிலேயே தீர்மானம் செய்துகொள்ளுங்கள். அந்தப் பட்டறையின் முதல் பொருளை விலை கொடுத்து வாங்குகிறவர்களில் ஒருவனாக நான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்து, விடைபெற்றுக்கொள்கிறேன்.